பணிந்து கொடுத்து வலுப்பெறும் எஃகு

கட்டடம் கட்டும் இடங்களில் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு மெல்லிய கட்டுக் கம்பியைப் பயன்படுத்துவார்கள். அதில் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து மிக இலேசாக வளைத்துவிட்டுக் கையை எடுங்கள். கம்பி பழையபடி நிமிர்ந்துகொள்ளும். இன்னும் சற்று அதிகமாக வளையுங்கள். இப்போது கையை எடுத்தாலும் வளைவு அப்படியே நிலைத்துவிடும். மூன்றாவதாக, கம்பியை நடுவில் நன்றாக மடக்குங்கள். பிறகு இரு முனைகளையும் பிடித்து நேராக்க முயலுங்கள். மடங்கிய இடம் எளிதில் நிமிராது. அதன் இருபுறமும் கம்பி வளைந்துகொடுக்கும். நடுவில் ஒரு சிறு மேடு எஞ்சிவிடும்.

காசு செலவில்லாத இந்தச் சோதனையில் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. ஓர் எல்லை வரை உலோகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் பணிந்து, நிலையாக உருமாறுகிறது. இது முதல் உண்மை. உருமாறிய இடம் முன்னைவிட வலுவடைந்துவிடுகிறது. இது இரண்டாவது உண்மை.

உலோகம் பணியத் தொடங்கும் அந்த எல்லையைப் பொறியியலார் 'நெகிழ்வுப் புள்ளி' என்பர். எஃகு எந்த இடத்தில் பணிகிறது, எப்படிப் பணிகிறது, பணிந்த பின் எவ்வளவு விரைவாக வலுவடைகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையில் இன்று மனித உயிர்களே அடங்கியுள்ளன. சாலையில் ஓடும் கார்கள் பலவற்றில், பயணிகளைச் சுற்றியுள்ள தூண்களும் சட்டங்களும் இந்த விடையைக் கொண்டே செய்யப்படுகின்றன.

இரு எசமானர்களுக்கு ஓர் ஊழியன்

தகைவு என்பது ஓரலகுப் பரப்பின்மீது செயற்படும் விசை. இதன் அலகு பாஸ்கல். உலோகங்களைப் பற்றிப் பேசும்போது மெகாபாஸ்கல் என்னும் பெரிய அலகைப் பயன்படுத்துவர். இதை மனத்தில் இருத்திக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள ஒரு கம்பியில் 1 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால், கம்பியில் ஏற்படும் தகைவு ஏறத்தாழ 10 மெகாபாஸ்கல் ஆகும்.

கார்களின் வெளித் தகடுகளுக்குப் பயன்படும் மிக மென்மையான எஃகு, சுமார் 140 மெகாபாஸ்கலில் பணியத் தொடங்கும். சுமார் 270 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்காது. அதாவது, நம்முடைய கற்பனைக் கம்பியில் 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது நிலையாக நீளத் தொடங்கும். 27 கிலோ தொங்கினால் அறுந்துவிடும். ஆனால் அறுவதற்கு முன் தன் நீளத்தில் 40 விழுக்காடு வரை நீளக்கூடியது அது. ஆகவே எந்த அச்சில் வைத்து அழுத்தினாலும் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

கார்த் தொழிற்சாலையில் தட்டையான தகடு ஒன்று பெரும் அழுத்து எந்திரத்தின் அச்சுகளுக்கு இடையே செல்கிறது. சில நொடிகளில் அது கதவாகவோ, கூரைத் தூணாகவோ, முன்புறச் சட்டமாகவோ மாறி வெளிவருகிறது. அந்தச் சில நொடிகளில் தகடு பணிய வேண்டும், நீள வேண்டும், கிழியாமல் இருக்க வேண்டும். அதே தகடு பின்னொரு நாள் சாலையில் லாரியோடு மோத நேர்ந்தால், அப்போது எளிதில் பணியக் கூடாது. விசையை எதிர்த்து நின்று, மோதலின் ஆற்றலை விழுங்க வேண்டும். அழுத்து எந்திரம் ஓர் எசமானர், விபத்து மற்றோர் எசமானர். இருவரின் கட்டளைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை!

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இச்சிக்கலைப் பெரிதாக்கியது. பெட்ரோலின் விலை ஏறியதும் கார்களின் எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 0.8 மில்லிமீட்டர் தகட்டைப் பயன்படுத்தினால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் மெலிந்த தகடு அதே பாரத்தைத் தாங்க வேண்டுமானால் அது வலுமிக்கதாக இருக்க வேண்டும். எஃகை வலுவாக்கும் வழிகள் ஏற்கனவே தெரிந்தவைதாம். நியோபியம், வனேடியம் போன்ற தனிமங்களை மிகச் சிறிதளவு சேர்த்தாலே போதும். எனினும் அவ்வாறு வலுவேற்றிய எஃகு தொடக்கத்திலிருந்தே முரண்டு பிடிக்கும். அச்சில் எளிதில் பணியாது, வற்புறுத்தினால் கிழிந்துவிடும்.

பணிவும் வேண்டும், வலிமையும் வேண்டும் என்பது நடக்கக்கூடியதா? விடை காண, எஃகுக்குள் சென்று பார்ப்போம்.

ஜமக்காளத்துச் சுருக்கம்

எஃகைத் தேய்த்து மெருகேற்றி, நீர்த்த அமிலத்தால் இலேசாக அரிக்கச்செய்து, நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரே கட்டியாகத் தோன்றாது. ஒன்றோடொன்று நெருக்கமாகப் பொருந்திய எண்ணற்ற படிகக் குறுணைகள் தெரியும். இவ்வாறு எஃகை நுண்ணோக்கியில் ஆராயும் முறையைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்பவர். 1860-களில் அவர் இந்த ஆய்வை மேற்கொண்டார்.

ஒவ்வொரு குறுணையிலும் இரும்பின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. உலோகம் நிலையாக உருமாறுகிறது என்றால், ஓர் அணு அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது வழுக்கிச் சென்றிருக்கிறது என்று பொருள். ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டுமானால் எவ்வளவு விசை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். பல ஆயிரம் மெகாபாஸ்கல் என்று விடை வந்தது. ஆனால் உண்மையான எஃகோ அதில் சிறு பகுதியிலேயே பணிந்துவிடுகிறது. ஏன்?

கல்யாண வீட்டில் விரித்திருக்கும் பெரிய ஜமக்காளத்தைச் சிறிது நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பிடித்து இழுத்தால் பத்துப் பேர் வேண்டும். ஓர் ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தைக் காலால் மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டே போனால் ஒருவரே போதும். சுருக்கம் மறு ஓரத்தை அடையும்போது ஜமக்காளம் முழுவதும் சிறிது நகர்ந்திருக்கும்.

படிகத்திலும் இத்தகைய சுருக்கங்கள் உள்ளன. அணு வரிசை பிறழ்ந்திருக்கும் கோடுகள் அவை. அவற்றைப் 'பிறழ்வுகள்' என்று அழைப்போம். 1934ஆம் ஆண்டில் ஜி. ஐ. டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இக்கருத்தை வெளியிட்டனர். அப்போது பிறழ்வை யாரும் கண்ணால் கண்டதில்லை. 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷும் அவருடைய தோழர்களும் மெல்லிய உலோகப் படலத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பிறழ்வுகள் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது.

இனி நம் கட்டுக் கம்பியின் புதிர் எளிதில் விடுபடும். மடக்கும்போது அந்த இடத்தில் கோடிக்கணக்கான பிறழ்வுகள் புதிதாகத் தோன்றி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கல் விழுந்த நூல்கண்டைப்போல, எந்தப் பிறழ்வும் எளிதில் நகர முடிவதில்லை. ஆகவே மடங்கிய இடம் வலுவடைந்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், பிறழ்வுகள் தாராளமாக நகர்ந்தால் உலோகம் பணியும். அவற்றின் வழியை அடைத்தால் எதிர்த்து நிற்கும்.

திடீரென்று வழுக்கும் எஃகு

மென் எஃகுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், தகைவு ஏறிக்கொண்டே சென்று ஓர் உச்சியை அடையும். பிறகு சட்டென்று இறங்கிவிடும். சிறிது நேரம் தகைவு ஏறாமலே எஃகு நீளும். அதன் பின்னரே மறுபடி தகைவு ஏறத் தொடங்கும். பௌதிக நூல்களில் மேல் நெகிழ்வுப் புள்ளி, கீழ் நெகிழ்வுப் புள்ளி என்று நீங்கள் படித்திருப்பவை இவையே.

இந்த நேரத்தில் தகட்டின் மேற்பரப்பைப் பார்த்தால் சாய்வான பட்டைகள் தோன்றி மெல்லப் பரவுவது தெரியும். ஒரு பகுதி பணிந்துவிட்டிருக்கும். அதற்கு அடுத்த பகுதி இன்னும் விறைப்பாகவே இருக்கும். இரண்டுக்கும் இடையேயுள்ள எல்லைதான் பட்டையாக நகர்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த லூடர்ஸ் என்பவர் இப்பட்டைகளைப் பற்றி 1860இல் எழுதினார். அவர் பெயராலேயே இவை இன்றும் வழங்குகின்றன.

காரணத்தை விளக்கியவர்கள் காட்ரெல், பில்பி என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், ஆண்டு 1949. எஃகில் கரைந்துள்ள கார்பன் அணுக்கள் இரும்பு அணுக்களுக்கு இடையேயுள்ள சந்துகளில் நெருக்குண்டு கிடக்கின்றன. நெரிசலான பேருந்தில் நிற்பவர், சற்று இடம் உள்ள மூலையைத் தேடி நகர்வார் அல்லவா? அதுபோல, கார்பன் அணுக்களும் பிறழ்வுகளின் அருகே சற்றே விரிந்திருக்கும் இடங்களைத் தேடி வந்து கூடிக்கொள்கின்றன. சுற்றிக் கூட்டம் சூழ்ந்ததும் பிறழ்வால் நகர முடிவதில்லை. அதை விடுவிக்க அதிக விசை தேவைப்படுகிறது. எப்படியோ ஓரிடத்தில் பிறழ்வுகள் விடுபட்டும் புதிதாகப் பிறந்தும் பெருகிவிட்டால், பிறகு அவற்றை நகர்த்தக் குறைந்த விசையே போதும். தகைவு சட்டென்று இறங்குவது இதனால்தான்.

இது ஏட்டுப் பிரச்சினை அன்று. இத்தகைய எஃகைக் கார்க் கதவாக அழுத்தினால், மேற்பரப்பில் நெளிநெளியான கோடுகள் விழுந்து, வண்ணம் பூசிய பின்னும் தெரியும். டப்பா செய்வதற்காகத் தகட்டை உருளையாக வளைத்தால், சீரான வட்டமாக வராமல் பட்டை பட்டையாக மடியும். இதைத் தவிர்க்கத் தொழிற்சாலையிலேயே தகட்டை உருளைகளுக்கு இடையே செலுத்தி, சுமார் 1 விழுக்காடு மட்டும் நீளச் செய்வார்கள். அதனால் பிறழ்வுகள் கார்பன் கூட்டத்திலிருந்து விடுபடும். தகடு ஒழுங்காகப் பணியும். ஆனால் தகடு கிடங்கில் பல மாதங்கள் கிடந்தால், கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து மறுபடி சூழ்ந்துகொள்ளும். பழைய குறை திரும்பிவிடும்.

பாதித் தோய்ச்சல்

இப்போது கொல்லர் பட்டறைக்கு வாருங்கள். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்துக் கூர்மை நிலைக்கும்படி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது என்ன?

அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் ஒருவகை அடுக்கில் அமைந்துள்ளன. இந்த நிலைமைக்கு ஃபெரைட் என்று பெயர். இது மென்மையானது. கார்பனுக்கு இதில் இடம் மிகக் குறைவு. அதிகம் போனால் 0.02 விழுக்காடுதான். எஃகைக் காய்ச்சினால் 727 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அணுக்களின் அடுக்கு மாறத் தொடங்குகிறது. இந்தப் புதிய நிலைமையின் பெயர் ஆஸ்டெனைட். இதில் 2 விழுக்காடு வரை கார்பன் கரையும். ஆஸ்டெனைட்டைச் சட்டென்று குளிர்வித்தால் கார்பன் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது உள்ளேயே சிறைப்பட, அணு அடுக்கு கோணலாக இழுபட்டு மிகக் கடினமான மூன்றாவது நிலைமை பிறக்கிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் என்பவரின் நினைவாக அதற்கு மார்ட்டன்சைட் என்று பெயரிட்டனர். அரிவாளின் வாய் மார்ட்டன்சைட்டால் ஆனது. கடினம் மிகுதி, ஆனால் தகடு முழுவதும் அப்படியே இருந்தால் அச்சில் வைத்து உருமாற்றுவது இயலாத காரியம்.

முழுத் தோய்ச்சலுக்குப் பதிலாகப் பாதித் தோய்ச்சல் கொடுத்தால் என்ன? இதுவே இரு நிலைமை எஃகின் இரகசியம்.

0.1 விழுக்காடு கார்பனும் 1.5 விழுக்காடு அளவில் மாங்கனீசும் உள்ள மெல்லிய தகட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட உலை வழியாக இதை ஓடவிட்டு, 727 டிகிரிக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். இந்த இடைப்பட்ட வெப்பநிலையில் தகடு முழுவதும் ஆஸ்டெனைட்டாக மாறிவிடுவதில்லை. ஒரு பகுதியே மாறுகிறது. மற்றது ஃபெரைட்டாகவே இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆஸ்டெனைட் ஆகிறது என்று கொள்வோம். ஃபெரைட்டில் கார்பனுக்கு இடமில்லை. ஆகவே ஏறத்தாழ எல்லாக் கார்பனும் அந்த ஐந்தில் ஒரு பங்கிலேயே போய்க் குவிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரி 0.1 விழுக்காடாக இருந்த கார்பன், அங்கே 0.4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்துவிடும்.

இனி விரைவாகக் குளிர்விக்க வேண்டும். கார்பன் செறிந்த ஆஸ்டெனைட் துளிகள் கடினமான மார்ட்டன்சைட் தீவுகளாக மாறுகின்றன. வேறு வகையில் மாறிவிடாதபடி மாங்கனீசு துணை செய்கிறது. மென்மையான ஃபெரைட் கடலில், சில மைக்ரான் அளவே உள்ள கடினத் தீவுகள்! ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1975இல் ஜப்பானைச் சேர்ந்த ஹயாமி, ஃபுருகாவா என்னும் இருவர் இத்தகைய தகடுகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தனர். அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ரஷீத், வழக்கிலிருந்த வலுமிக்க எஃகையே இவ்வாறு காய்ச்சிக் குளிர்வித்தால் அதன் குணம் எப்படி மாறுகிறது என்று காட்டினார்.

தீவுகள் செய்யும் இரு வேலைகள்

கடினத் தீவுகளைக் கலந்தால் எஃகு தொடக்கத்திலேயே முரடாகிவிடும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நடப்பதோ நேர்மாறானது. இரு நிலைமை எஃகு தன் இறுதி வலிமையில் பாதியளவுத் தகைவிலேயே பணியத் தொடங்குகிறது. திடீர் இறக்கம் இல்லை. லூடர்ஸ் பட்டை இல்லை. தகைவு வளைகோடு மொழுமொழுவென்று மேலேறுகிறது.

இதற்குக் காரணம் மார்ட்டன்சைட்டின் பருமன். ஆஸ்டெனைட் மார்ட்டன்சைட்டாக மாறும்போது சில விழுக்காடு பருக்கிறது. நெருக்கமாகப் பொருந்தியிருந்த சூழலில் ஒரு துளி பருத்தால், சுற்றியுள்ள மென்மையான ஃபெரைட் நசுங்கி இடம் விட வேண்டும். அப்போது ஒவ்வொரு தீவைச் சுற்றியும் ஏராளமான புதிய பிறழ்வுகள் தோன்றுகின்றன. தகடு அதற்குள் குளிர்ந்துவிடுவதால், கார்பன் அணுக்கள் நகர்ந்து வந்து அவற்றைச் சூழ நேரம் கிடைப்பதில்லை. ஆக, விடுதலையாக நகரக்கூடிய பிறழ்வுகள் முன்கூட்டியே தயாராக உள்ளன. அன்றியும், தீவுகள் நெருக்கியதால் ஃபெரைட்டில் ஏற்கனவே உள்தகைவுகள் எஞ்சியிருக்கின்றன. நாம் இழுக்கும் விசையோடு அவையும் சேர்ந்துகொள்ளும் இடங்களில் எஃகு முன்னதாகவே பணிகிறது. ஆயிரமாயிரம் இடங்களில் சிறிது சிறிதாக, வெவ்வேறு தகைவுகளில் பணிவு தொடங்குவதால், தகடு முழுவதும் ஒரு சேரச் சரிந்து விழுவதில்லை.

இந்த விளக்கம் சரிதானா என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. தீவுகள் மிகவும் குறைவாக இருந்தால், அவற்றிலிருந்து தொலைவில் உள்ள ஃபெரைட்டில் புதிய பிறழ்வுகள் போதிய அளவு இருப்பதில்லை. அப்போது நெகிழ்வுப் புள்ளி முற்றிலும் மறைவதில்லை. இது முதற்சான்று. முடிந்த தகட்டை 200 டிகிரிக்கு மேல் மறுபடி சிறிது நேரம் காய்ச்சினால், கார்பன் நகர்ந்து வந்து பிறழ்வுகளைப் பூட்டுகிறது. தீவுகளின் நெருக்கமும் தளர்கிறது. உடனே மறைந்திருந்த நெகிழ்வுப் புள்ளி மறுபடி தலைகாட்டுகிறது. இது இரண்டாம் சான்று.

தீவுகளின் இரண்டாவது வேலை பணிவு தொடங்கிய பின் வருகிறது. ஃபெரைட் நீள்கிறது, தீவு நீள மறுக்கிறது. இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டுமானால், எல்லையில் மேலும் மேலும் பிறழ்வுகள் குவிந்தாக வேண்டும். குவிந்தவை பின்னால் வருபவற்றைத் தடுத்துத் தள்ளுகின்றன. ஆகவே முதல் சில விழுக்காடு நீட்சியிலேயே எஃகு மிக விரைவாக வலுவடைகிறது. ரஷீத் ஆராய்ந்த எஃகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் சுமார் 350 மெகாபாஸ்கலில் பணிந்த அது, ஒரு சில விழுக்காடு நீண்டதுமே சுமார் 550 மெகாபாஸ்கலைத் தாங்கியது.

எண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். நுண்ணளவுத் தனிமங்களால் வலுவேற்றிய பழைய வகை எஃகு 350 மெகாபாஸ்கலில் பணிந்து, 450-இல் தன் வலிமையின் எல்லையை அடையும். நீட்சி 23 முதல் 27 விழுக்காடு. அதே 350-இல் பணியும் இரு நிலைமை எஃகு 600 வரை தாங்கும்; நீட்சியோ 24 முதல் 30 விழுக்காடு. நம் கற்பனைக் கம்பியில் வளர்ந்த மனிதர் ஒருவர் தொங்கலாம்! தீவுகளின் அளவைக் கூட்டினால் 1000 மெகாபாஸ்கல் வரையும் செல்லலாம். அப்போது அதே கம்பி இரண்டு சிமெண்டு மூட்டைகளைத் தாங்கும். நீட்சி மட்டும் பாதியாகக் குறைந்துவிடும்.

விரைவாக வலுவடைவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தகட்டை இழுக்கும்போது ஓரிடம் மட்டும் சற்று மெலிந்துவிட்டால், மெலிந்த இடம் மேலும் மெலிந்து கிழிவதுதான் வழக்கம். ஆனால் நீண்ட இடம் உடனே வலுவடைந்துவிட்டால், அடுத்த இடம் நீள வேண்டியதாகிறது. நீட்சி பரவலாகப் பங்கிடப்படுவதால் கிழிசல் தள்ளிப்போகிறது.

வண்ண உலையில் ஒரு வைத்தியம்

அழுத்தி வடிவமாக்கிய பாகங்களைப் பற்றவைத்துக் காரின் கூடு உருவாகிறது. அதற்கு வண்ணம் பூசி, சுமார் 170 டிகிரி வெப்பமுள்ள உலையில் 20 நிமிடம் போல உலர்த்துகிறார்கள். வண்ணத்துக்காகச் செய்யும் இந்தக் காரியம் எஃகுக்கும் மருந்தாகிறது. அந்த 20 நிமிடத்தில் கார்பன் அணுக்கள் நகர்ந்து வந்து, அழுத்தும்போது உண்டான பிறழ்வுகளைச் சூழ்ந்து பூட்டிவிடுகின்றன. எஃகின் நெகிழ்வுத் தகைவு மேலும் உயர்கிறது.

டப்பாவைப் பட்டை பட்டையாக மடியச் செய்தும், கதவில் கோடுகளை வரைந்தும் தொல்லை கொடுத்த அதே கார்பன்தான் இது! வடிவமைப்பதற்கு முன் வந்தால் இடையூறு. வடிவமைத்த பின் வந்தால் உதவி. தகடு அச்சில் இருக்கும்போது பிறழ்வுகள் விடுதலையாக இருக்கட்டும், கார் சாலைக்கு வரும்போது பூட்டப்பட்டிருக்கட்டும் என்பதே திட்டம். இரு எசமானர்களும் இவ்வாறு வெவ்வேறு நேரங்களில் திருப்தி அடைகிறார்கள்.

மூன்றாவது நிலைமை

குளிர்விக்கும் முறையைச் சற்று மாற்றினால் இன்னொரு விந்தை நிகழ்கிறது. 1.5 விழுக்காடு அளவில் சிலிக்கனும் சேர்ந்த எஃகை இடைப்பட்ட வெப்பநிலையிலிருந்து சுமார் 400 டிகிரிக்கு இறக்கி, அங்கே சில நிமிடங்கள் நிறுத்துகிறார்கள். ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி, பெய்னைட் எனப்படும் நிலைமையாக மாறுகிறது. எட்கர் பெய்ன் என்னும் அமெரிக்க உலோகவியலாரின் பெயரைத் தாங்கியது இது. மாறும்போது வெளியேறும் கார்பன், சேர்மமாகப் படிந்துவிடாதபடி சிலிக்கன் தடுக்கிறது. அந்தக் கார்பன் மீதமுள்ள ஆஸ்டெனைட்டில் புகுகிறது. கார்பன் நிறைந்த ஆஸ்டெனைட், அறை வெப்பநிலைக்கு வந்த பின்னும் மாறாமல் அப்படியே தங்கிவிடுகிறது. இறுதியில் தகட்டில் 5 முதல் 15 விழுக்காடு வரை ஆஸ்டெனைட் உறங்கிக் கிடக்கும்.

தகட்டை இழுத்தாலோ அழுத்தினாலோ உறக்கம் கலைகிறது. எங்கே அதிகமாக நீள்கிறதோ அங்கே ஆஸ்டெனைட் மார்ட்டன்சைட்டாக மாறி அந்த இடத்தை வலுப்படுத்துகிறது. இந்த விளைவை எஃகை வலுவாக்கப் பயன்படுத்தலாம் என்று 1967இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கே, பார்க்கர் முதலியோர் காட்டினர். அவர்கள் பயன்படுத்திய எஃகில் விலையுயர்ந்த நிக்கல், குரோமியம் முதலியவை மிகுதி. 1980-களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் மலிவான சிலிக்கனையும் மாங்கனீசையும் கொண்டே அந்த நன்மையைப் பெற வழி கண்டனர். இவ்வகை எஃகு 800 மெகாபாஸ்கல் தாங்கும்போதும் 26 முதல் 32 விழுக்காடு வரை நீளக்கூடியது. அச்சில் மாறாமல் எஞ்சிய ஆஸ்டெனைட் விபத்தின்போது மாறி, அப்போதும் கைகொடுக்கும்.

கொடுக்க வேண்டிய விலை

இவ்வளவு நன்மையும் விலையில்லாமல் கிடைத்துவிடவில்லை. தகட்டில் துளையிட்டு, அந்தத் துளையை விரித்து விளிம்பு எடுக்கும்போது இரு நிலைமை எஃகு எளிதில் விளிம்பில் வெடிக்கிறது. மென்மையும் கடினமும் சந்திக்கும் எல்லைகளில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி ஒன்றுசேர்வதே காரணம். வலுவுக்குக் காரணமான வேறுபாடே இங்கே பலவீனமாகிறது. ஆகவே விளிம்பு எடுக்கவேண்டிய பாகங்களுக்கு, தீவுகளின் கடினத்தைச் சற்றுக் குறைத்தோ, பெய்னைட்டை அதிகமாகக் கலந்தோ, நிலைமைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் மீட்சி. எல்லா எஃகுகளுக்கும் யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே. சுமார் 2 இலட்சம் மெகாபாஸ்கல். 200 மெகாபாஸ்கல் தகைவில் இருக்கும் தகடு, அச்சிலிருந்து விடுபட்டதும் 0.1 விழுக்காடு பின்வாங்கும். 800 மெகாபாஸ்கலில் இருப்பது 0.4 விழுக்காடு பின்வாங்கும். ஆகவே வலுமிக்க தகடு அச்சின் வடிவத்திலிருந்து விலகி நிற்கும். அச்சைச் செய்பவர் இதை முன்கூட்டியே கணக்கிட்டு, வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாக வளையும்படி அமைக்க வேண்டும். அன்றியும், யங் குணகம் மாறாததால், மெலிந்த தகட்டின் விறைப்பை வலிமையால் ஈடுசெய்ய முடியாது. தட்டையான தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டரை 0.8 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே எங்கே மெலிக்கலாம், எங்கே மெலிக்கக் கூடாது என்று ஆராய்ந்தே செய்ய வேண்டும்.

பற்றவைப்பிலும் கவனம் தேவை. உலையில் பக்குவமாக அமைத்த நிலைமைகள், பற்றவைக்கும் வெப்பத்தில் கலைந்துபோகும். சில இடங்கள் அளவுக்கு மீறிக் கடினமாகும். சில இடங்கள் தளர்ந்துவிடும்.

இடத்துக்கு ஏற்ற எஃகு

இக்காரணங்களால் இன்றைய காரின் கூடு ஒரே எஃகால் ஆனதன்று. முன்புறச் சட்டங்கள் மோதலில் மடிந்து மடிந்து ஆற்றலை விழுங்க வேண்டும். அங்கே இரு நிலைமை எஃகும் அதன் உறவினங்களும் பொருத்தமானவை. தகைவு வளைகோட்டுக்குக் கீழேயுள்ள பரப்பே விழுங்கப்படும் ஆற்றலின் அளவு. நன்றாக நீளவும் செய்து, நீளும்போதே வலுவும் பெறும் எஃகில் அந்தப் பரப்பு பெரிது. பயணிகள் அமரும் கூண்டோ மடியவே கூடாது. அதன் தூண்களுக்கு, செஞ்சூடாக இருக்கும்போதே அச்சில் அழுத்தி, அங்கேயே குளிர்வித்து, முழுவதும் மார்ட்டன்சைட்டாக மாற்றிய 1500 மெகாபாஸ்கல் எஃகையும் பயன்படுத்துகிறார்கள். வெளித் தகடுகளுக்குப் பழைய மென் எஃகின் வழிவந்த வகைகளே பெரும்பாலும் போதும்.

இத்தனை வகைகளிலும் இரும்பு ஒன்றே. கார்பனும் சில விழுக்காட்டுக்கு உட்பட்ட மாங்கனீசு, சிலிக்கன் போன்றவையுமே சேர்க்கைகள். எத்தனை டிகிரி காய்ச்சினோம், எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தோம் என்பதே குணத்தை நிர்ணயிக்கிறது. கொல்லர் அரிவாளின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையைத்தான், தொழிற்சாலை உலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத் தகட்டுக்கு டிகிரிக் கணக்கில் செய்கிறது.

இனி அந்தக் கட்டுக் கம்பியை மறுபடி கையில் எடுங்கள். நடுவில் எஞ்சிய சிறு மேட்டை விரலால் தடவிப் பாருங்கள். பணிந்த இடம் வலுவடைந்திருக்கிறது. அடுத்த முறை காரிலோ வாடகை வண்டியிலோ ஏறும்போது, கதவருகே உள்ள தூணைச் சற்றுக் கவனியுங்கள். வண்ணத்துக்கு அடியில் உள்ள அந்தத் தகடும் ஒரு நாள் அச்சில் பணிந்து கொடுத்ததுதான். இனி எளிதில் பணியாமல் உங்களுக்காக நிற்கும் வலிமையில் ஒரு பகுதியை அது பெற்றதும் அங்கேதான்.